ராணி கட்டினா விக்குமா? பட்டுக்கடை அக்காவின் பதில்கள்

கும்பகோணத்தில் பட்டுக் கொள்முதல் பார்க்கும் அக்கா நெசவு வீட்டில் பிறந்தவர். அரச குடும்பத்துப் பெண்கள் உடுத்துவதற்கும் கடை வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டதும், அவர் சொன்னதும்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: இங்கிலாந்து இளவரசர் வில்லியமோட மனைவி கேட் ஒரு டிரெஸ் போட்டா உடனே வித்துத் தீருதாமே. நிஜமாக்கா, இல்ல விளம்பரமா?

நிஜம்தான்மா. 2010 நவம்பர் 16, நிச்சயதார்த்தத்தை அறிவிக்க வந்த அன்னிக்கு நீலக்கல் மோதிரத்துக்குத் தோதா ஒரு நீல டிரெஸ் போட்டிருந்தாங்க. லண்டன்ல இஸ்ஸான்னு ஒரு சின்ன கம்பெனியோடது. கடைகள்ல இருந்த சரக்கு மளமளன்னு காலி. இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்லுவாங்க. மீதியை நான் சொல்றேன். ஆர்டர் குவிஞ்சா முதல்ல துணி வாங்கணும், தையல் கூலி கொடுக்கணும். கடைக்காரன் பணம் தர்றது சரக்கு கைக்கு வந்த பிறகு. நடுவுல கிடக்கிற அந்த மாசங்களுக்கு யார் முதல் போடுறது? கம்பெனியோட பெரும்பங்கு வேற கைக்கு மாறுச்சு. ஆரம்பிச்ச டேனியெல்லா ஹெலாயெல் 2013ல வெளியேறிட்டாங்க. 2015ல இஸ்ஸாவையே மூடியாச்சு.

அதே கேட் 2011 மே மாசம் ஒபாமா தம்பதியைப் பார்க்கப் போனப்போ ரீஸ் கம்பெனி டிரெஸ் போட்டாங்க, விலை 175 பவுண்டு. கூட்டம் தாங்காம இணையதளமே படுத்துடுச்சு. ஆனா ரீஸ் ஊர் ஊரா கடை வெச்சிருந்த கம்பெனி, தாக்குப்பிடிச்சுது. ராணி கட்டினா கேட்டு வர்றவங்க கூடுவாங்க, அதுல சந்தேகமே இல்ல. லாபம் யாருக்குன்னா, மறுநாள் காலையில சரக்கு வெச்சிருக்கிறவனுக்கு.

திருவாரூர் வாசகி: அந்த நீல நிறத்துல பட்டுப் புடவை எங்கே கிடைக்கும்?

எந்தப் பட்டுக்கடையிலயும் கிடைக்கும். படத்தைக் காட்டி முன்பணம் கேட்கிறவங்களுக்கு மட்டும் பணம் அனுப்பிடாதீங்க.

பாபநாசம் வாசகர்: இப்படிப் போட்டுக்கிறதுக்கு அவங்களுக்குக் காசு தருவாங்களா?

பிரிட்டிஷ் அரச குடும்பத்துல அரசுக் கடமை பார்க்கிற உறுப்பினருங்க காசு வாங்கிட்டு விளம்பரத்துக்கு நிக்கிறதில்ல. அதனாலதான் ஜனங்க நம்புறாங்க. நடிகை கட்டினா "எவ்வளவு வாங்கினாங்களோ"ன்னு நாமளே பேசுறோமே.

திருபுவனம் நெசவாளர்: அக்கா, நமக்கு இதுல ஏதாவது இருக்கா? இல்ல சீமைக் கதை மட்டும்தானா?

தம்பி, நீங்க கேட்டதுக்குத்தான் உட்கார்ந்து எழுதணும்.

1840 பிப்ரவரியில விக்டோரியா ராணி கல்யாணத்துக்கு லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ்ல நெய்த பட்டும், கையால பின்னுற ஹானிட்டன் லேஸும் வேணும்னு கேட்டு வாங்கினாங்க. அப்போ மெஷின் லேஸ் வந்து கைலேஸ் பின்னுற பொண்ணுங்க வேலையில்லாம கிடந்தாங்க. அவங்களுக்குக் கை கொடுக்கத்தான் அந்த ஆர்டர். வெள்ளைக் கல்யாண உடை அதுக்கப்புறம் உலகம் பூரா பரவுச்சு. ஹானிட்டன் லேஸுக்கும் கொஞ்ச காலம் மவுசு இருந்துது, ஆனா மெஷினை அதால ஜெயிக்க முடியல. பாணி பிழைச்சுது, தொழில் தேய்ஞ்சுது. நெசவாளி கவனிக்க வேண்டியது இந்த இடத்தை.

பிரான்ஸ்ல யூஜெனி மகாராணி கதை வேற. வொர்த்ங்கிற தையல்காரர், பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் ஊர்ப் பட்டுல கனமான பூவேலை உடை கொண்டுவந்தப்போ, ஜன்னல் திரை மாதிரி இருக்குன்னு முகம் சுளிச்சாங்களாம். லியோன் நெசவாளிங்களை அனுசரிச்சுப் போகணும்னு கணவர் மூன்றாம் நெப்போலியன் நினைச்சதால கட்டிக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தாய்லாந்து சிரிகிட் ராணி. வடகிழக்கு கிராமங்கள்ல ஜனங்க தங்களுக்காக நெய்துக்கிட்ட மட்மீ பட்டை (நூலைக் கட்டிச் சாயம் போட்டு நெய்யுறது) பார்த்து, அதை வாங்கி, தானே உடுத்தினாங்க. அதோட விடாம 1976ல ஒரு அறக்கட்டளை வெச்சுப் பயிற்சியும் கொடுத்து, நெய்ததை வாங்கவும் செய்தாங்க. ஒரு நாள் போட்டோவுக்கும் வருஷக்கணக்கான கொள்முதலுக்கும் வித்தியாசம் இருக்கு. கைத்தறிக்கு உதவுறது ரெண்டாவதுதான். நீங்க பாவு ஏத்தி, நெய்து இறக்குறதுக்குள்ள போட்டோ பழசாகிடும், விசைத்தறிக்காரன் அதே கலர்ல ஆயிரம் இறக்கிடுவான்.

மயிலாடுதுறை வாசகி: நம்ம நாட்டு ராணிகள் யாரும் இல்லையா?

கூச் பெஹார் இந்திரா தேவி. பிரான்ஸ்லேர்ந்து வெறும் ஷிஃபான் தருவிச்சுப் புடவையா கட்டினாங்க. அவங்க மகள் ஜெய்ப்பூர் காயத்ரி தேவி கட்டினதும் அது பணக்கார வீடுகள்ல பரவிடுச்சு. மத்தியப் பிரதேசத்து மகேஷ்வர் புடவைன்னா, அந்த ஊரை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் பேரைத்தான் சொல்லுவாங்க. ஆனா இந்தக் காலத்துல அந்தத் தறிகளை எழுப்பினது 1979ல ஹோல்கர் குடும்பம் தொடங்கின ரேவா சங்கம்.

நாகப்பட்டினம் வாசகி: கேட் கட்டின நீலம் ஆன்லைன்ல 999 ரூபாய்க்குப் பட்டுன்னு போட்டிருக்கான், வாங்கலாமா?

மேலே படிச்சீங்களா? 999க்குப் பட்டு வராது.

தஞ்சாவூர் வாசகர்: குந்தவைப் பிராட்டியே திருபுவனம் பட்டுதானே கட்டினாங்க? நம்ம ராணியை விட்டுட்டு சீமைக்கு ஏன் போறீங்க?

ஐயா, திருபுவனம் கோயிலைக் கட்டினது மூன்றாம் குலோத்துங்கன். குந்தவை ராஜராஜனுக்கு அக்கா. நடுவுல சுமார் 200 வருஷம் இருக்கு.

அதே வாசகர்: கோயில் பிறகு வந்திருக்கலாம், தறி முன்னாடியே இருந்திருக்கலாமே.

இருந்திருக்கலாம்னு வெச்சு சரக்கு விக்கக்கூடாது. பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவை கொடுத்த செப்புத் திருமேனி, நகையெல்லாம் பொன் எடை, முத்து எண்ணிக்கையோட இருக்கு. திருபுவனம் பட்டு எங்கே இருக்கு, காட்டுங்க.

வலங்கைமான் வாசகர்: அப்போ சோழர் காலத்துல பட்டே இல்லேன்னு சொல்றீங்களா? இது நம்ம ஊருக்கு அவமானம்.

அப்படி நான் எங்கே சொன்னேன்? பட்டு பழசுதான். இப்போ திருபுவனத்துல விக்கிற ஜரிகைப் புடவை ஆயிரம் வருஷத்துச் சரக்கு இல்லேன்னுதான் சொன்னேன். பெரிய கோயில் கருவறைச் சுற்றுல இருக்கிற சோழர் ஓவியத்துல ஆடுற பொண்ணுங்க இடுப்புல பூப்போட்ட துணியைப் பாருங்க. நம்ம முகூர்த்தப் புடவை மாதிரியா இருக்கு? திருபுவனத்துக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அந்தப் பெருமை போதாதா?

தஞ்சாவூர் வாசகர்: சோழர் படம் வந்தப்போ "குந்தவை புடவை"ன்னு கடையெல்லாம் வித்தாங்களே, நீங்க விக்கலையா?

வித்தோம். பேரு கடைக்காரன் வெச்சது, அது வியாபாரம். அதை வரலாறுன்னு சொல்லிக் கூடுதல் விலை வாங்கினாதான் தப்பு. இதுக்கு மேல குந்தவை கேள்விக்குப் பதில் கிடையாது.

மன்னார்குடி வாசகி: பட்டுப் புடவையில எண்ணெய்க் கறை போக என்ன செய்யணும்?

டிரை கிளீனிங் கடையில கேளுங்கம்மா.

ஐயம்பேட்டை வாசகர்: சில்க் மார்க் இருந்தா கைத்தறின்னு நம்பலாமா?

கூடாது. அது நூல் பட்டுன்னு மட்டும் சொல்லுது. விசைத்தறிப் பட்டுலயும் இருக்கும். கைத்தறி முத்திரை தனி, ரெண்டையும் கேட்டுப் பாருங்க.

திருபுவனம் நெசவாளர்: கடைசியா ஒண்ணு. ஒரு ராணியோ நடிகையோ கட்டின நிறத்தைக் கேட்டுக் கடையிலேர்ந்து ஆர்டர் வந்தா என்ன செய்யட்டும்?

எழுத்துல வாங்குங்க, பாதிப் பணத்தையும் கையோட வாங்குங்க. எல்லாத் தறியிலயும் அந்த நிறத்தை ஏத்தாதீங்க, ஒண்ணு போதும். மீதி நூலைச் சாயம் போடாம வெள்ளையாவே வெச்சிருங்க. சாயம் ஏறின நூலைத் திருப்பி எடுத்துக்க எந்தக் கடையும் வராது.