கோச்சி வேலையும் பெண்களும்: கேளுங்கோ, சொல்லுறன்

கோச்சி, அதுதான் புகையிரதம், அந்த வேலையில பெண்களின்ர எண்ணிக்கை கூட என்ன வழி? இந்தக் கிழமை பதில் சொல்லுறவ சிக்னல் அக்கா. தொடங்க முதல் அவவின்ர ஒரு வரி: “வேலை எடுத்துத் தாறன் எண்டு காசு கேக்கிறவனுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.”

கொடிகாமம் பிள்ளை: அக்கா, உயர்தரம் முடிச்சிட்டன். நிலைய அதிபர் வேலைக்கு நான் விண்ணப்பிக்கலாமோ?

நிலைய அதிபர், சாரதி போன்ற பதவிகளுக்கு நெடுங்காலமா ஆண்களை மட்டும்தான் கேட்டவை. அதால வர்த்தமானி அறிவித்தல் வந்தவுடன சம்பளத்தைப் பார்க்காமல் தகைமைப் பந்தியைப் பாருங்கோ. ஆணோ பெண்ணோ, எந்தத் திகதிக்கு வயது கணக்கு, சாதாரண தரத்தில எத்தனை திறமைச் சித்தி, அதுகளை எத்தனை அமர்வில எடுத்திருக்க வேணும். இதில ஒண்டு பிசகினாலும் விண்ணப்பம் தள்ளுப்படும். சிங்களத்தை இப்பவே தொடங்குங்கோ. அரச உத்தியோகத்தர் இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்பிடியும் எடுக்கத்தான் வேணும். முதலில இலக்கம், நேரம், ஊர்ப்பெயர். தொலைபேசியில வாற செய்தியைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லுறதுதான் அந்த வேலையின்ர அரைவாசி.

சுன்னாகம் வாசி: பொம்பிளையளுக்கு உடம்பில பலம் காணாது எண்டு சொல்லுகினமே?

எந்த வேலைக்கு? மணிக்கு 100 கிலோமீற்றரில ஓடுற கோச்சி நிக்க ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் எடுக்கும். அதை முன்கூட்டிக் கணக்குப் பண்ணிப் பிரேக் போடுறதுக்குப் புயம் தேவையில்லை, கவனம் வேணும். கண்ணும் வேணும். சிக்னல் பார்த்து ஓடுறவைக்குப் புள்ளி அட்டை காட்டி நிறம் சோதிப்பினம். சிவப்பு, பச்சை பிரிச்சறிய ஏலாதவை ஐரோப்பிய ஆண்களில 12 பேருக்கு ஒருவர், பெண்களில 200 பேருக்கு ஒருவர். ஆசிய ஆண்களில வீதம் குறைவு, ஆனாலும் பெண்களைவிடப் பல மடங்கு. பலத்தைப் பற்றிக் கதைக்கிறவை இதைப் பற்றி வாய் திறக்கிறேல்லை.

பாரமான வேலை இல்லையெண்டு சொல்லேல்லை. கோச்சியை ஒரு பாதையில இருந்து மற்றப் பாதைக்குத் திருப்புற நகரும் தண்டவாளத்தைப் ‘பொயின்ற்’ எண்டுவினம். மின்சாரத்தில மாறுற பொயின்ற் பழுதானால் கையால சுத்த வேணும். முதலில கட்டுப்பாட்டு அறையின்ர அனுமதி. பிறகு கைபிடியைச் செருகினால் மோட்டருக்கு மின் அறும். முடியுமட்டும் சுத்தி, நகருற தண்டவாளத்தின்ர நுனி பக்கத் தண்டவாளத்தோட ஒட்டியிருக்கோ எண்டு குனிஞ்சு பார்த்து, கவ்வி போட்டுப் பூட்ட வேணும். இதில பிழை வாறது பலக்குறைவால இல்லை, அவசரத்தில குனிஞ்சு பார்க்காமல் விடுறதாலதான்.

மல்லாகம் மாமி: எண்ணிக்கை கூட முதல் என்ன செய்ய வேணும் பிள்ளை?

கழிவறை கட்ட வேணும் மாமி. நியமனக் கடிதம் அதுக்குப் பிறகு. எஞ்சின்களில அனேகமாக் கழிவறை இல்லை. அதால எந்த நிலையத்தில எத்தனை நிமிசம் இறங்கலாம் எண்டதை நேர அட்டவணையிலயே எழுதிப்போட வேணும். இரவு தங்குற அறைக்கு உள்ளால பூட்டுற கதவு, தனிக் குளியலறை. பாதணி 3, 4, 5 எண்ட சின்ன அளவுகளிலும் எடுப்பிக்க வேணும். கையுறை பெரிசெண்டால் கைபிடியில வழுக்கும், தொளதொள மேலங்கி படிக் கம்பியில கொழுவும்.

அடுத்தது, ஒரு இடத்துக்கு ஒரு பெண்ணை மட்டும் போடுறது. படத்துக்கு வடிவா இருக்கும், ஆனா ஆள் நிலைக்காது. நாலு பேரையாவது சேர்த்துப் போடுங்கோ. பிரசவ லீவு முழுச் சம்பளத்தோட 84 நாள். பதிலாள் முன்னமே ஒழுங்கில்லையெண்டால் அந்த ஓட்டம் மற்றவையின்ர தலையில விழும். பழி அந்தப் பிள்ளைக்கு.

ஓட்டோ அண்ணை: வடக்கில றோட்டுக்குக் குறுக்கால கோச்சி போற கடவையளில காவலுக்கு எத்தனை பொம்பிளையள் நிக்கினம். எண்ணிக்கை இருக்குத்தானே?

அவையைப் பொலிஸ் ஊடாகத்தானே எடுத்தவை அண்ணை. நாளுக்கு 250 ரூபா குடுத்த காலமும் இருந்தது. அது புகையிரதத் திணைக்கள நியமனம் இல்லை.

கடவைத் தங்கச்சி: அப்ப வெயிலில கொடியோட நிக்கிற நாங்கள் கோச்சி வேலைகாரர் இல்லையோ அக்கா?

நீங்கள் செய்யிறது கோச்சி வேலைதான் தங்கச்சி. கடதாசிதான் வேறை. உங்களை மொத்தத்தில சேர்த்தால் “இவ்வளவு பெண்கள் இருக்கினம்” எண்டு அறிக்கை வரும், உங்கட சம்பளம் அங்கேயே நிக்கும்.

சாவகச்சேரி சட்டம்: ஏற்கமாட்டன். கணக்கில இல்லாதவைக்கு நிரந்தர நியமனம் கேக்கேலாது.

கடவைத் தங்கச்சி: அதுதானே!

சரி, சட்டத்தார் சொல்லுறதில ஞாயம் இருக்கு. அப்ப தனி நிரலில போடச் சொல்லிக் கேளுங்கோ: ஓட்டப் பணி, அலுவலகம், கடவை. மூண்டையும் ஒரு கூட்டுத்தொகையாக் கலக்க மட்டும் விடாதேங்கோ.

இணுவில் பெடியன்: இந்தியாவில பெண் சாரதி இருக்கினமோ?

இருக்கினம். முதலாமவ சுரேகா யாதவ், 1988. வங்காளதேசத்தில முதலாமவ சல்மா காதுன், 2004இல உதவிச் சாரதியாச் சேர்ந்தவ.

பளை மாணவி: பொறித் திருத்த வேலை எங்க படிக்கலாம்?

இரத்மலானையில இலங்கை ஜேர்மன் புகையிரதத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில விசாரியுங்கோ.

நாவற்குழி: பெண்கள் நிலைய அதிபராகலாமோ?

கொடிகாமம் பிள்ளைக்குச் சொன்னதை வாசியுங்கோ.

கொக்குவில்: யாழ்தேவி எத்தனை மணிக்கு?

நிலையத்தில கேளுங்கோ.

மீசாலை: ஒராள் ரெண்டு லட்சம் கேக்கிறார், வேலை நிச்சயமாம்.

முதல் வரி! முதல் வரி!

கடவைத் தங்கச்சி: கடைசியா ஒண்டு அக்கா. தண்டவாளத்தில வாகனம் நிண்டுபோனால் தள்ளுறதோ, ஓடுறதோ?

ஆக்களை இறக்கிப்போட்டு ஓடுங்கோ. தள்ளுறதை மற்றவை பார்க்கட்டும். தண்டவாளத்துக்கு வெளியால, கோச்சி வாற திசைக்குச் சிவப்புக் கொடியோட, இரவெண்டால் சிவப்பு விளக்கோட. ஏலுமான தூரம் போங்கோ. போகேக்கயே கிட்டின நிலையத்துக்கு அழைப்பு எடுங்கோ. அந்த இலக்கத்தைப் போனில மட்டும் வைச்சிருக்காமல் கொட்டிலின்ர சுவரிலயும் பெரிசா எழுதிவிடுங்கோ.