குறி பார்க்கும் கண்ணாடி வேறு, கண்ணைக் காக்கும் கண்ணாடி வேறு

கேள்வி: டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆறு மாதமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.5 பவர். ‘கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும், ஷூட்டிங் கண்ணாடி வாங்குங்கள்’ என்று கோச் சொல்லிவிட்டார். கூடப் பயிற்சி எடுக்கும் ஒரு பெண் வெளிநாட்டுக் கண்ணாடி போடுகிறாள். ஒரு கண்ணுக்கு வட்ட லென்ஸ், இன்னொரு கண்ணுக்கு ஒரு மறைப்பு. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பழைய டெல்லியின் கண்ணாடிக் கடைத்தெருவான பல்லிமாரானில் விசாரித்தால், ‘உங்கள் மகள் போட்டிருப்பதே ஃபைபர் லென்ஸ்தான், உடையாது’ என்கிறார்கள். எதை வாங்குவது? மஞ்சள் கண்ணாடி தேவையா?

பதில்: அந்த வெளிநாட்டுக் கண்ணாடியை இப்போது வாங்க வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை. கோச் கேட்டது கண்ணுக்குக் காவல். அந்தக் கண்ணாடி காவலுக்குச் செய்யப்பட்டதே இல்லை.

அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். மெல்லிய உலோகக் கம்பி, அதில் ஒரு வளையம், வளையத்துக்குள் 23 அல்லது 37 மில்லிமீட்டர் வட்ட லென்ஸ். வளையத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். சுடும்போது தலை எந்தக் கோணத்தில் இருந்தாலும் லென்ஸின் நடுப்புள்ளி கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். குறி பார்க்க அருமையான கருவிதான். ஆனால் பக்கவாட்டில் முழுக்கத் திறந்து கிடக்கிறது. லென்ஸைச் சுற்றி வெற்றிடம். லென்ஸ் பல நேரம் சாதாரணக் கண்ணாடியாகவோ ஃபைபராகவோ இருக்கும். இன்னொரு கண்ணுக்கு முன்னால் தொங்குவது வெறும் பிளாஸ்டிக் தகடு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பாதுகாப்புக் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டு வெள்ளி வாங்கினாரே துருக்கியின் யூசுப் டிகேச், அவர் படத்தைக் காட்டி ‘இவருக்கு எதுவும் தேவைப்படவில்லையே’ என்று வாதாட வருகிறவர்களும் உண்டு. படத்தை உற்றுப் பாருங்கள், அவர் மூக்கில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அது போக, ஒலிம்பிக் அரங்கில் இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் அமைப்பும் நம் பக்கத்துப் பயிற்சிக்கூடத்தில் உள்ள அமைப்பும் ஒன்றில்லை. சர்வதேச சுடுதல் சங்கத்தின் விதிப் புத்தகமே எல்லா வீரர்களையும் உடையாத கண்ணாடி அணியச் சொல்லி வலியுறுத்துகிறது.

சரி, ஏர் பிஸ்டலில் கண்ணுக்கு என்னதான் வந்துவிடும்? எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கண் பரிசோதனை என் தொழில், ஞாயிற்றுக்கிழமை பிஸ்டல் என் பைத்தியம். சில வருடம் முன்பு ஒரு தனியார் கூடத்தில், தாள் இலக்குக்குப் பின்னால் இருந்த இரும்புத் தகடு கொஞ்சம் வளைந்திருந்தது. சுட்ட அடுத்த நொடி கன்னத்தில், கண்ணாடி ஃப்ரேமுக்குச் சற்றுக் கீழே, சுள்ளென்று ஒரு அடி. காலடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். நான் சுட்ட பெல்லட்தான், அதாவது ஏர் பிஸ்டலின் சின்ன ஈயக் குண்டு. ஒரு பக்கம் சட்டைப் பொத்தான் மாதிரித் தட்டையாகி, ஓரம் மட்டும் கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ரத்தம்கூட வரவில்லை. ஒரு விரல் உயரம் மேலே பட்டிருந்தால் கதை வேறு.

ஈயப் பெல்லட் நல்ல தடுப்பில் பட்டால் நசுங்கி விழுந்துவிடும். வளைந்த தகடு, கடினமான மரப்பலகை, தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணித் தலை என்று எதிலாவது பட்டால் திரும்பி வரும். பிபி எனப்படும் சின்ன இரும்பு உருண்டைக் குண்டு இன்னும் மோசம், அது நசுங்காமல் அப்படியே எகிறும். உங்கள் மகள் ஒழுங்காகச் சுட்டாலும் பக்கத்து லேனில் நிற்பவரின் குண்டு திரும்பலாம். டெல்லியின் கர்ணி சிங் ரேஞ்ச் மாதிரி, பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப், ஸ்கீட் எல்லாம் நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கப் போனால், உடைந்த களிமண் தட்டின் சில்லும் பறந்து வரும். .22 துப்பாக்கியில் சூடான காலித் தோட்டாக் குப்பி தெறிக்கும்.

இங்கே ஒரு கணக்கு. போட்டி ஏர் பிஸ்டலில் அரை கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் ஐந்தரை ஜூல் அளவு. அமெரிக்காவின் ஆன்சி இசட்87.1 தரத்தில், ‘அதிக மோதல் தாங்கும்’ என்று முத்திரை பெறும் மூக்குக்கண்ணாடியை 6.35 மில்லிமீட்டர் எஃகு உருண்டையால் நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் அடித்துச் சோதிக்கிறார்கள். அது ஒரு ஜூலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதாவது நேரடிக் குண்டு இந்தச் சோதனையைப் போல ஐந்து மடங்கு. ஆக, கண்ணாடி காப்பது திரும்பி வரும் குண்டிலிருந்தும் சில்லிலிருந்தும்தான். நேரே வருவதற்கு ஒரே காவல், துப்பாக்கி முனையை இலக்கைத் தவிர வேறெங்கும் காட்டாத பழக்கம். இதைவிடக் கடுமையான அமெரிக்க ராணுவத் தரமும் இருக்கிறது. 0.38 கிராம் எஃகுத் துண்டை நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். கிடைத்தால் நல்லது, ஆனால் 10 மீட்டர் கூடத்துக்கு இசட்87 போதும் என்பது என் கருத்து.

இப்போது பல்லிமாரான்காரர் சொன்ன ஃபைபருக்கு வருவோம். அவர் சொன்னது பாதி உண்மை. கடையில் ஃபைபர் என்பது பெரும்பாலும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக். கீழே விழுந்தால் கண்ணாடி போல நொறுங்காது, சரி. ஆனால் வேகமாக வரும் சிறிய பொருள் பட்டால் விரிசல் விட்டுத் துண்டாகும், அந்தத் துண்டு போகும் இடம் கண்தான். உங்கள் மகள் விஷயத்தில் இன்னொன்றும் சேருகிறது. மைனஸ் பவர் லென்ஸ் ஓரத்தில் தடிமன், நடுவில் மெல்லிசு. பார்ப்பது நடு வழியாக, அடி பட்டால் ஆபத்து அதிகமும் அங்கேதான். சாதாரண மைனஸ் லென்ஸின் நடுத் தடிமன் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ‘இன்னும் மெல்லிசாக, ஹை இண்டெக்ஸ் 1.67 போடுங்கள்’ என்று மயக்குவார்கள். அழகுக்கு அது சரி, ரேஞ்சுக்கு வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியது அடி தாங்கும் பிளாஸ்டிக்குகளான பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ் லென்ஸ், நடுத் தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல். பாலிகார்பனேட்டில் ஓரத்தில் வண்ணக் கோடு தெரியும், மங்கலாக இருக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு வந்து கவலைப்படுவார்கள். அந்தக் கோளாறு உண்மைதான், ஆனால் பவர் கூடக்கூடத்தான் உறுத்தும். 2.5க்கு அது கண்ணில் படாது. 5, 6 என்று போனால் ட்ரைவெக்ஸ் எடுப்பேன். பாலியில் கீறல் சீக்கிரம் விழும், அதனால் ஹார்ட் கோட்டிங் கட்டாயம்.

லென்ஸ் மட்டும் வலுவாக இருந்து பயனில்லை. அடி பட்டால் சாதா ஃப்ரேமிலிருந்து லென்ஸ் கழன்று உள்ளே வரும். ரிம்லெஸ் வேண்டவே வேண்டாம், திருகு போட்ட ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். பவர் லென்ஸ் போடும் வசதியுள்ள சேஃப்டி ஃப்ரேம் என்று கேளுங்கள். காதுக் கம்பியின் உள்பக்கம் இசட் எழுத்தும் 87 என்ற எண்ணும், பவர் ஃப்ரேமாக இருந்தால் ஒரு கோடு போட்டு 2 என்ற எண்ணும், பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டல்தான் ‘அதிக மோதல் தாங்கும்’ முத்திரை. ஐரோப்பியச் சரக்கு என்றால் இஎன் 166 என்று போட்டு, எஃப் எழுத்து இருக்கும். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 5983. கூட்டல் குறி இல்லாத வெறும் 87ஐக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். பக்கவாட்டுத் தடுப்பு இருக்கட்டும். பள்ளிக்குப் போடும் கண்ணாடியோடு இதைச் சேர்க்காதீர்கள், இது ரேஞ்சுக்கு மட்டும்.

அளவு எடுக்கும் நாளில் மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கடையிலேயே, பிஸ்டல் பிடிப்பது போலக் கையை நீட்டி நிற்கச் சொல்லுங்கள். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. வலது கைக்காரி என்றால் வலது தோளை இலக்குக்குக் காட்டி, தலையைத் திருப்பிப் பார்ப்பாள். தலை முழுசாகத் திரும்பாது, மீதியைக் கண் திரும்பிச் சரிசெய்யும். அப்போது கண் லென்ஸின் நடுவில் இருக்காது, காதுப் பக்கம் ஒதுங்கும். ஃப்ரேமோடு வரும் டெமோ லென்ஸின் மேல் அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி, அங்கே நடுப்புள்ளி வரும்படி லென்ஸை வெட்டச் சொல்லுங்கள். விலையுயர்ந்த அந்த வளையம் செய்யும் வேலையில் முக்கால்வாசி இதிலேயே முடிந்தது. ரைபிள்காரர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் கன்னத்தைக் கட்டையில் சாய்ப்பதால், பார்வை மூக்குப் பக்கம் மேல் மூலையில் போய் உட்காரும்.

அதே நிலையில் புருவத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஃப்ரேம் பெரிது. காதுக்கு இயர்மஃப் போடுகிறாள் என்றால் அதையும் எடுத்துப் போங்கள். தடித்த காதுக் கம்பி மஃப்பின் மெத்தையைத் தூக்கிவிடும், சத்தம் உள்ளே வரும். கம்பி மெல்லிசாக, தட்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பவரைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கும் முன் புதிதாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதுதான் நம்பகம், இல்லாவிட்டால் மைனஸ் கூடிப்போக வாய்ப்புண்டு. கூடுதல் மைனஸோடு துப்பாக்கியின் முன் சைட்டை, அதாவது முனையில் உள்ள குறிமுள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் கண் களைத்துவிடும். நாற்பதைத் தாண்டிய அப்பாவும் சுடக் கிளம்பினால், அவருடைய தூரப் பார்வைப் பவரோடு பிளஸ் 0.5 அல்லது 0.75 கூட்டினால் சைட் தெளியும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறும் ப்ரோக்ரெசிவ் லென்ஸோடு சுடுவது தலையை ஆட்டிக்கொண்டே குறி பார்ப்பது போல.

உங்கள் மகள் குறி பார்க்காத மறு கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறாளா? முகம் இழுபடும், பார்க்கும் கண்ணும் சோரும். அந்தக் கண்ணைத் திறந்தே வைத்து, அதன் முன்னால் உள்ள சேஃப்டி லென்ஸின் மேல் மங்கலான செலோடேப்பை ஒட்டினால் போதும். விதிப்படி மறைப்பின் அகலம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆக, வளையக் கண்ணாடியின் இரண்டாவது வேலையும் பத்து ரூபாய் டேப்பில் முடிந்தது.

மஞ்சள் வேண்டாம். உள்ளரங்கில் இலக்கின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி, அதற்கு நிறமில்லாத லென்ஸே நல்லது. வண்ண லென்ஸ் வெளியில் தட்டு சுடுகிறவர்களுக்கு. கூச்சம் குறைக்கும் போலரைஸ்டு லென்ஸ் எடுத்தால் எலக்ட்ரானிக் இலக்கின் திரையே சில கோணங்களில் கறுத்துப் போகும்.

டெல்லி டிசம்பரில் வெளியே நடுங்கிவிட்டு ரேஞ்சுக்குள் நுழைந்தால் லென்ஸ் பனி பூத்துவிடும். ஆண்டி-ஃபாக் கோட்டிங் உதவும், முதல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது இன்னும் உதவும். துடைக்கிறேன் பேர்வழி என்று துப்பட்டாவை எடுக்காதீர்கள். அதில் தூசியோடு ஈயப் பொடியும் இருக்கும். தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி போதும். அசிட்டோனோ துப்பாக்கி கழுவும் திரவமோ பட்டால் பாலிகார்பனேட் மயிர்க்கோடு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் பலத்தையும் கொண்டுபோய்விடும். ஒரு முறை நன்றாக அடி வாங்கிய லென்ஸை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

வீட்டு மொட்டை மாடியில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பலகை வைத்துப் பழகுகிறாள் என்றால் இன்றே நிறுத்துங்கள். நான் பார்த்த கண் காயங்களில் ஏர்கன் சம்பந்தப்பட்டவை ரேஞ்சில் நடந்தவை இல்லை, வீட்டில் நடந்தவை. அப்படி எதுவும் நேர்ந்தால் கண்ணைத் தேய்க்கவோ கழுவவோ சொட்டு மருந்து விடவோ கூடாது. காகிதக் கோப்பையைக் கண் மேல் படாமல் கவிழ்த்து, ஓரத்தில் டேப் ஒட்டி, சாப்பிட எதுவும் கொடுக்காமல் நேராகப் பெரிய கண் மருத்துவமனைக்கு. உங்களுக்கு எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையம் பக்கம்தான்.

அப்புறம், நீங்கள். மகள் சுடும்போது பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள், மடியில் சின்னவனும் இருக்கலாம். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் அதே 87 கூட்டல் குறி போட்ட பவர் இல்லாத கண்ணாடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள், நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் அதற்கு மேலேயே மாட்டும் பெரிய அளவில்.