கிட்டார்ல உங்களுக்கு எந்த சவுண்டு பிடிக்கும்? – வாசகர் கேள்வி பதில்

ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஆசைக்கு கிட்டார் வாசிக்கிற ஆள் நான். கிட்டார், கம்பி, சவுண்டு, பிடிச்ச கலைஞர்கள்னு எதை வேணாலும் கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம், நிறைய வந்திருக்கு. அதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், அதுலேந்தே ஆரம்பிக்கிறேன்.

கே: உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிட்டார் எது? ஏன்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கிற எலக்ட்ரிக் கிட்டார், சுருக்கமா ஸ்ட்ராட், யோசிக்காமலே சொல்லுவேன் தம்பி. 1954ல ஃபெண்டர் கம்பெனி கொண்டு வந்தது, இன்னைக்கும் அந்த வடிவம் அப்படியேதான் இருக்கு. லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது, ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர், வாசிக்கிறவங்க கிட்ட கேட்டுக் கேட்டே செஞ்சார். அதனாலதான் விலாவுல படுற இடம், கை வைக்கிற இடமெல்லாம் சீவி விட்டிருக்கும், எவ்வளவு நேரம் வாசிச்சாலும் குத்தாது.

ஆனா எனக்கு அதுல உயிரே அந்த ஸ்விட்ச்தான். மூணு பிக்கப் (கம்பி அதிர்வை மின்சார சிக்னலா மாத்துற காந்தச் சுருள்), ஆரம்பத்துல மூணு பொசிஷன் ஸ்விட்ச், ஒரு நேரத்துல ஒரு பிக்கப்தான் வேலை செய்யணும்னு வச்சாங்க, ஆனா வாசிச்சவங்க அந்த ஸ்விட்ச்சை ரெண்டு பொசிஷனுக்கு நடுவுல நிறுத்திப் பாத்தப்ப ரெண்டு பிக்கப்பும் சேந்து வேற ஒரு சவுண்டு வந்துச்சு, அதையே எல்லாரும் வாசிக்க ஆரம்பிச்சதும் 1977ல கம்பெனியே அஞ்சு பொசிஷன் ஸ்விட்ச் போட்டுக் குடுத்துட்டாங்க. ஒரே கம்பியோட அதிர்வை ரெண்டு பிக்கப்பும் ரெண்டு வேற இடத்துலேந்து எடுக்குது, சேரும்போது சில அலைவரிசை ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது, அதனால நடு ஸ்வரம் கொஞ்சம் குழிஞ்சு மேல மட்டும் மினுமினுன்னு நிக்கும். கழுத்துப் பக்கம் இருக்குற நெக் பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேர்ற அந்த பொசிஷன்ல ஒரு மைனர் கார்டை மெதுவா பிரிச்சு பிரிச்சு வாசிச்சுப் பாருங்க, நான் என்ன சொல்றேன்னு புரிஞ்சிடும்.

கே: லெஸ் பால் கிட்டார் மட்டும் ஏன் அவ்வளவு கனமா ஒலிக்குது? மரத்தாலயா, பிக்கப்பாலயா?
– இன்ஜினியர், கோயம்புத்தூர்

ப: பெரும்பங்கு பிக்கப். ஸ்ட்ராட்ல இருக்குறது சிங்கிள் காயில், ஒரே ஒரு சுருள்தான், அது கம்பி அதிர்வோட சேத்து வீட்டு கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் இழுத்துக்கும். டியூப்லைட் பக்கத்துல ஆம்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) போட்டு வாசிச்சவங்களுக்கு அந்த ‘ம்ம்ம்’ சத்தம் நல்லாத் தெரியும். லெஸ் பால் செய்யிற கிப்சன் கம்பெனில சேத் லவர்னு ஒரு இன்ஜினியர் ரெண்டு சுருளை எதிரெதிரா சுத்தி, காந்தத்தையும் தலைகீழா வச்சு, இரைச்சல் மட்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கிற மாதிரி பண்ணிட்டார், அதுதான் ஹம்பக்கர், 1957லேந்து லெஸ் பால்ல வருது. கம்பியோட சிக்னல் மட்டும் கூடும், மேல் ஸ்தாயி கூர்மை கொஞ்சம் மழுங்கும், அதான் அந்த கனம். கம்பி நீளமும் வேற, ஃபெண்டர்ல இருபத்தஞ்சரை இன்ச், கிப்சன்ல முக்கால் இன்ச் கம்மி, அதனால கம்பி கொஞ்சம் தளர்வா கைக்கு மெத்துனு இருக்கும். மரத்துக்கும் ஏதோ பங்கு இருக்கலாம், ஆனா எலக்ட்ரிக் கிட்டார்ல ஸ்பீக்கரை மாத்தினா கேக்குற வித்தியாசம் மரத்தை மாத்தினா எனக்குக் கேக்கல. அக்கூஸ்டிக்ல கதையே வேற, அங்க மரம்தான் வாத்தியம்.

கே: தமிழ் சினிமா பாட்டுல கிட்டாருக்காகவே நீங்க திரும்பத் திரும்பக் கேக்குறது எது?
– ஆசிரியை, மதுரை

ப: ‘இளைய நிலா பொழிகிறதே’. 1982, பயணங்கள் முடிவதில்லை. இதை எல்லாரும்தான் சொல்லுவாங்க டீச்சர், ஆனா ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன். கிட்டார் வாசிச்சது சந்திரசேகர். எஸ்பிபி குரலை ஒரு நாள் மனசுல ஒதுக்கி வச்சுட்டு ஹெட்ஃபோன்ல கிட்டாரை மட்டும் தொடர்ந்து போங்க. கார்டை மொத்தமா அடிக்கிறதே ரொம்பக் கம்மி, எல்லாம் தனித்தனி ஸ்வரமா உதிரும், அந்த ஸ்வரங்களுக்குள்ளயே ஒரு மெட்டு ஓடும், பாட்டோட மெட்டு ஒரு பக்கம் இது ஒரு பக்கம், ரெண்டும் மோதிக்காது. இளையராஜா கிளாஸிக்கல் கிட்டார் முறையா படிச்சு லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சையில தங்கப் பதக்கம் வாங்கினவர், கிட்டாருக்கு என்ன எழுதினா விரல் எப்படிப் போகும்னு தெரிஞ்சு எழுதுறவர். அவர் பாட்டுல கிட்டார் சும்மா தாளம் போட நிக்காது, அதுக்குன்னு சொல்ல ஒரு விஷயம் இருக்கும்.

கத்துக்கிறவங்க நிறைய பேர் இந்தப் பாட்டை எடுத்ததுமே ஃபுல் ஸ்பீடுல வாசிக்கப் பாக்குறாங்க. பாதி வேகத்துல, மெட்ரோனோம் (தாளம் காட்டுற கருவி) போட்டு, ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்த ஸ்வரம் வர்ற வரைக்கும் ஒலிக்குதான்னு பாத்து வாசிங்க. இடது கை விரலை சீக்கிரம் எடுத்துட்டா அந்த ஓட்டமே அறுந்துடும்.

கே: வெளிநாட்டு கிட்டார்காரர் ஆக்களில உங்களுக்கு ஆரை நல்லாப் பிடிக்கும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

ப: ரெண்டு பேர் தங்கச்சி. ஒருத்தர் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ராக் குழு மார்க் நாப்ஃளர், இன்னொருத்தர் ஜெஃப் பெக். ரெண்டு பேருக்கும் ஒரு ஒத்துமை, பிக் இல்லாம வெறும் விரலால வாசிக்கிறவங்க. நாப்ஃளர் இடதுகைக்காரர், ஆனா கிட்டாரை வலதுகைக்காரங்க மாதிரிதான் பிடிப்பார், கட்டை விரலும் அடுத்த ரெண்டு விரலும்தான் முக்கியமா வேலை செய்யும். 1978ல வந்த அவங்க முதல் ஆல்பத்துல பெருசா எஃபெக்ட் எதுவும் இருக்காது, ஸ்ட்ராட், ஆம்ப், விரல், அவ்வளவுதான், விரல் சதை கம்பியை இழுத்து விடுற அந்தச் சின்ன ‘டக்’ கூட கேக்கும். எனக்கு வேண்டியது அந்த ‘டக்’தான்!

ஜெஃப் பெக் 2023 ஜனவரில போய்ச் சேந்தார், அந்த வாரம் பூரா வேற எதுவும் கேக்கல நான். வலது கை கட்டை விரல் கம்பியில, சுண்டு விரல் வால்யூம் நாப்ல, மத்த விரல் சுருதியை ஏத்தி இறக்குற ட்ரெமலோ கைப்பிடியில, எல்லாம் ஒரே நேரத்துல. ஸ்வரத்தை சத்தமில்லாம அடிச்சு, அப்புறம் வால்யூமைத் திறந்து, அந்தக் கைப்பிடியை அசைச்சு ஸ்வரத்தை வளைச்சு, வாய்ப்பாட்டுக்காரங்க மூச்சு எடுத்துப் பாடுற மாதிரி கொண்டு வருவார். ஒரே ஸ்வரத்தை அவர் ரெண்டு தடவை ஒரே மாதிரி வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

கே: கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா? கமகம் வருமா?
– சங்கீத ரசிகர், திருச்சி

ப: ஸ்வரத்தை அசைச்சு இழுக்குற அந்தக் கமகம் வரும் சார், ஆனா கையைக் கசக்கணும். வீணையில மெழுகுல பதிச்ச இருபத்திநாலு மெட்டு, உயரமா நிக்கும், ஒரே மெட்டுல கம்பியைப் பக்கவாட்டுல இழுத்தே நாலஞ்சு ஸ்வரம் தொட்டுட்டு வரலாம். கிட்டார்ல அந்த மெட்டுக்குப் பேர் ஃப்ரெட், அது தாழ்வா இருக்கும், விரல் கீழ மரத்துல உரசும், அதனால இழுக்குறது சிரமம். இதுக்கு ஒரு வழி, ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்தைக் குழிவாச் செதுக்கி விடுறது, ஸ்காலப்னு சொல்லுவாங்க. இங்கிலாந்து ஜாஸ் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லின் 70கள்ல சக்தி குழுவுல வாசிச்ச கிட்டார் அப்படித்தான், அதோட மெயின் கம்பிக்கு அடியில குறுக்கால தனியா அதிர்வுக் கம்பி வேற போட்டிருப்பாங்க. எல். ஷங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலா, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நிக்கணும்னா வாத்தியத்தையே மாத்தினாத்தான் முடியும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்ம ஆளுங்கள்ல சுகுமார் பிரசாத், அப்புறம் கிட்டார் பிரசன்னா. பிரசன்னா ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டு அமெரிக்காவுல பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர், அவர் வாசிக்கிறப்ப அது கிட்டார்ங்கிறதே மறந்து கீர்த்தனை மட்டும் காதுல நிக்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸையும் இதே வரிசையில சொல்லுவேன், இரட்டைக் கம்பி வாத்தியத்தை அஞ்சு ஒத்தைக் கம்பி எலக்ட்ரிக் மாண்டலினா மாத்தினதாலதான் அவருக்கு அந்த கமகமே கைக்கு வந்துச்சு.

வீட்ல முயற்சி பண்றவங்க மோகனத்துல ஆரம்பிங்க, அது மேற்கத்திய அஞ்சு ஸ்வர வரிசையான மேஜர் பென்டடானிக்தான், விரலுக்கு முன்னாடியே பழக்கம் இருக்கும். மைனர் பென்டடானிக் தெரிஞ்சவங்களுக்கு சுத்த தன்யாசி. ஸ்வரம் ஒண்ணுதான், ஆனா ப்ளூஸ் காரங்க வளைக்கிற இடம் வேற நம்ம பாடகர் வளைக்கிற இடம் வேற, அதனால ஒரு பாட்டை வாய்விட்டுப் பாடிட்டு அப்புறம் கையில எடுங்க. ஜாரு சுலபமா வந்துடும், ஒரே கம்பியில விரலை இழுத்துட்டுப் போனாப் போதும். தோடி ராகத்துக் காந்தாரம் மாதிரி அசைஞ்சுக்கிட்டே நிக்கிற ஸ்வரத்தை மட்டும் இப்பத் தொடாதீங்க, அதுக்கு குரு வேணும்.

கே: என்ன பெடல் வச்சிருக்கீங்க? டிஸ்டார்ஷன் பிடிக்காதா?
– வாசகர், சேலம்

ப: காலால அமுக்குற பெட்டி ரெண்டு, சவுண்டை லேசா உடைக்கிற ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒண்ணு, எதிரொலி குடுக்குற டிலே ஒண்ணு. அந்த ஓவர்டிரைவ்ல கெயினை (உடைக்கிற அளவை) கிட்டத்தட்ட பூஜ்யத்துல வச்சு லெவலை மட்டும் ஏத்தி வச்சிருப்பேன், நடு அலைவரிசை கொஞ்சம் முன்னாடி வரும், மத்தவங்களோட சேந்து வாசிக்கும்போது கிட்டார் அமுங்காது. ரிவெர்ப், அதாவது ஹால்ல வாசிக்கிற மாதிரி முழக்கம், ஆம்ப்லயே இருக்குற ஸ்ப்ரிங் ரிவெர்ப், பழைய ஃபெண்டர் ஆம்ப்ல 1963லேந்து வர்ற அந்த நனைஞ்ச சவுண்டு. சவுண்டைக் கரகரன்னு உடைக்கிற டிஸ்டார்ஷனை வெறுக்கல, மெட்டல் கேக்குற பசங்களோட உக்காந்து நானும் கேப்பேன், ஆனா என் கிட்டார்ல லேசா தொட்டா லேசா கேக்கணும், ஓங்கி அடிச்சா ஓங்கிக் கேக்கணும். கெயின் ஏற ஏற அந்த வித்தியாசம் நசுங்கிப் போயிடும், எனக்கு அது ஒத்துவராது.

கே: எங்க பக்கத்து ஈட்டி மரத்துல கிட்டார் செய்றாங்களாமே, நிஜமா?
– வாசகர், கூடலூர், நீலகிரி

ப: நிஜம். உலகம் பூரா ‘இண்டியன் ரோஸ்வுட்’னு சொல்றது உங்க ஈட்டியைத்தான். முன்னாடி பிரேசில் ரோஸ்வுட்தான் பேர் போனது, அது கிடைக்கிறது கஷ்டமானதும் அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனி 1969ல இந்திய மரத்துக்கு மாறுச்சு, மத்தவங்களும் வந்தாங்க. அக்கூஸ்டிக்ல முதுகுப்பக்கமும் பக்கவாட்டும் இந்த மரம் இருந்தா கீழ் ஸ்தாயி நல்லா முழங்கும், மேல ஸ்வரம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். எனக்குப் பிடிச்ச அக்கூஸ்டிக் எல்லாமே ஸ்ப்ரூஸ் மேல்பலகை, ஈட்டி முதுகு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கணும், ஈட்டி வளர ரொம்ப காலம் ஆகும். தமிழ்நாட்டுல அதைப் பாதுகாக்க 1994லயே தனிச் சட்டம் போட்டாங்க, பட்டா நிலத்துல இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. 2017ல சைட்டிஸ் ஒப்பந்தம் (அழிஞ்சு போற உயிரினங்களோட உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்துறது) இந்த இனம் மொத்தத்துக்கும் கட்டுப்பாடு கொண்டு வந்தப்ப கிட்டாரை நாடு விட்டு நாடு அனுப்புறதே தலைவலியாச்சு, 2019ல செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு விலக்கு குடுத்தாங்க. ஈட்டி கிட்டார் கையில இருக்கறவங்க அதை நல்லா வச்சுக்கங்க.

கே: என் மகளுக்கு பத்து வயசு, கிட்டார் கேக்குறா. எது வாங்கலாம்?
– ஒரு அம்மா, புதுச்சேரி

ப: நைலான் கம்பி, முக்கால் சைஸ். ஸ்டீல் கம்பி பிஞ்சு விரலைக் கிழிச்சுடும், ஒரு வாரத்துல மூலையில வச்சுடுவா. கடையில பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பாருங்க, அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல இருந்தா வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி கிட்டாரை மடியில வச்சு கம்பியை அமுக்கிப் பாக்க அவளைச் சொல்லுங்க, பெயிண்ட் கலரை அவளே முடிவு பண்ணட்டும்.

கே: கடலோர ஊரு, கம்பி சீக்கிரம் துரு பிடிக்குது, சவுண்டும் செத்துப் போகுது. என்ன பண்றது?
– மீன்வளத்துறை ஊழியர், தூத்துக்குடி

ப: உப்புக் காத்துக்கு முழுசா மருந்து இல்லண்ணே, ஆனா தள்ளிப் போடலாம். வாசிக்கிறதுக்கு முன்னாடி கை கழுவுங்க, முடிச்சதும் காஞ்ச காட்டன் துணியால ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேத்துத் துடைங்க, அடியிலதான் வேர்வை தங்கும். சுவத்துல மாட்டி வைக்காம பெட்டிக்குள்ள வைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு போடுங்க, மாசாமாசம் மாத்துங்க. கோட்டிங் போட்ட கம்பி விலை கூடத்தான், ஆனா உங்க ஊருக்கு அதுதான் கட்டுப்படி ஆகும். அப்புறம் நீங்க எழுதினதைப் பாத்தா 12 கேஜ் (கம்பித் தடிமன்) போட்டிருக்கீங்க, 11க்கு இறங்கிப் பாருங்க, விரலுக்கும் சுகம், கழுத்து மேல இழுப்பும் குறையும். கேஜ் மாத்தினதும் கழுத்து வளைவு கொஞ்சம் மாறும், கழுத்துக்குள்ள வளைவைச் சரி பண்ற ட்ரஸ் ராடை கால் சுத்துக்கு மேல ஒரே நாள்ல திருப்பாதீங்க, ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் பாத்துட்டு அடுத்தது பண்ணுங்க.