முதல் ரெண்டு வருஷம் மார்க் போச்சு, இனிமே டாக்டர் ஆக முடியுமா?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க வேளச்சேரில இருக்கோம். என் பொண்ணு பொறந்தது நியூஜெர்சில, அதனால அமெரிக்க சிட்டிசன், ஆனா அஞ்சாம் கிளாஸ்ல இருந்து படிச்சதெல்லாம் சென்னைலதான். ப்ளஸ் டூல நல்ல மார்க். இப்ப அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில பயாலஜி மூணாவது வருஷம். முதல் வருஷம் கெமிஸ்ட்ரில சி, ரெண்டாவது வருஷம் ஆர்கானிக்ல சி மைனஸ், ஒரு மேத்ஸ் கோர்ஸ் பாதில விட்டுட்டா. ரெண்டு வருஷம் சேத்து ஜிபிஏ, அதாவது 4க்கு போடற சராசரி மார்க், 2.7. அந்த நேரத்துலதான் என் மாமனார் தவறிட்டார், அவளால வர முடியல, தாத்தான்னா அவளுக்கு உசுரு. போன செமஸ்டர்ல எல்லாமே ஏ வாங்கியிருக்கா. ஆனா அங்க மெடிக்கல் சீட்டுக்கு இனிமே வழியே இல்லைன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. இவர் எல்லா பேப்பரையும் திரும்ப எழுதச் சொல்லுங்கறார். இங்க ஒரு ஏஜென்ட், கரீபியன் தீவுல இந்த வருஷமே சேத்துடலாம்ங்கறார். எனக்கு தூக்கமே வரல. என்ன பண்றது?
– வேளச்சேரி வாசகி

பதில்: வழி இருக்குங்க. கஷ்டமான வழிதான், ரெண்டு மூணு வருஷம் பிடிக்கும், ஆனா போன செமஸ்டர்லயே உங்க பொண்ணு அதுல நடக்க ஆரம்பிச்சுட்டா, அதை முதல்ல பாருங்க.

மார்க் ஏன் விழுந்துச்சுன்னு அவகிட்ட நிதானமா பேசினீங்களா? திட்டறதுக்கு கேக்கல, காரணம் தெரியாம மேல எது பண்ணாலும் திரும்ப அதே இடத்துல வந்து நிக்கும். நம்ம ஊர்ல ப்ளஸ் டூன்னா வருஷக் கடைசில ஒரு பப்ளிக் எக்ஸாம், ரிவிஷன் டெஸ்ட் ரிவிஷன் டெஸ்ட்னு ஸ்கூலே இழுத்துட்டுப் போயிடும். அங்க ரெண்டாவது வாரத்துல இருந்து க்விஸ், ஹோம்வொர்க், லேப் ரிப்போர்ட், மிட்டெர்ம் எல்லாமே ஃபைனல் கிரேடுல சேரும், யாரும் கூப்பிட்டு ஏன் படிக்கலைன்னு கேக்க மாட்டாங்க. ப்ரொஃபசர் வாரா வாரம் சந்தேகம் கேக்கறதுக்குன்னே நேரம் ஒதுக்கி ரூம்ல உக்காந்திருப்பார், ஆனா வாத்தியார்கிட்ட போய் புரியலைன்னு சொல்லவே கூச்சப்படற நம்ம பிள்ளைங்க அந்தப் பக்கமே போறதில்ல. இதோட தாத்தா போன துக்கம் வேற, அதுவும் கூட இருந்து அழக்கூட முடியாத துக்கம். அது இன்னும் உள்ள இருக்குன்னா காலேஜ் கவுன்சிலிங் சென்டருக்கு போகச் சொல்லுங்க, பெரும்பாலான யுனிவர்சிட்டில ஸ்டூடன்ட்ஸுக்கு அது இருக்கு, அங்க போனதுனால அப்ளிகேஷன்ல எந்த கறையும் வராது.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா நிறைய பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்காமலே பயப்படறாங்க, இல்லைன்னா போட்டுப் பாக்காமலே தைரியமா இருக்காங்க. ரெண்டு வருஷத்துல 60 கிரெடிட் (ஒவ்வொரு கோர்ஸுக்கும் இருக்கற எடை), 2.7. அடுத்த ரெண்டு வருஷம் இன்னொரு 60 கிரெடிட்ல 3.8 எடுத்தான்னு வச்சுக்கோங்க, டிகிரி முடிக்கும்போது மொத்தம் 3.25 வரும். அதுக்கு மேல ஒரு வருஷம் 30 கிரெடிட் சயன்ஸ் கோர்ஸ் எடுத்து 3.9 வாங்கினா 3.38. அங்க எம்டி காலேஜ்ல (அங்க எம்டின்னா நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி முதல் டாக்டர் படிப்பு) சேர்றவங்க சராசரி கிட்டத்தட்ட 3.8, அதை உங்க பொண்ணு எப்படிப் பண்ணாலும் தொட முடியாது, இதை மறைச்சுப் பேச எனக்கு மனசு வரல. ஆனா எம்டி காலேஜுக்கு அப்ளை பண்ற ஆம்காஸ் சிஸ்டத்துல மொத்த ஜிபிஏ மட்டும் போகாது, வருஷ வாரியா தனித்தனியா போகும், சயன்ஸ் மேத்ஸுக்கு தனி ஜிபிஏ போகும். முதல் வருஷம் 2.6, ரெண்டாவது 2.8, மூணாவது 3.8, நாலாவது 3.8, அதுக்கப்புறம் 3.9னு வரிசையா பாக்கற கமிட்டி இந்தப் பொண்ணு தேறி வந்துட்டான்னுதான் படிப்பாங்க. எல்லா காலேஜும் அப்படி இல்ல, சில இடத்துல ஒரு நம்பருக்கு கீழ இருந்தா ஃபைலையே திறக்க மாட்டாங்க. ஆனா இந்த ஏறுமுகத்தை மதிக்கற காலேஜ் நிறையவே இருக்கு. இனிமே ஒரு செமஸ்டர் கூட தொங்கக் கூடாது, உங்க பொண்ணு கையில இருக்கற பெரிய ஆயுதம் அது ஒண்ணுதான்.

எல்லா பேப்பரையும் திரும்ப எழுதணும்னு சார் சொல்றார் இல்லையா, அது வேண்டாம். சி வாங்கின கோர்ஸை திரும்ப எடுத்து ஏ வாங்கினா பழைய சி அழிஞ்சுடும்னு நினைக்கிறார், காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல ஒருவேளை அப்படி இருக்கலாம், ஆனா ஆம்காஸ் ரெண்டையுமே கணக்குல எடுக்கும். டிஓங்கற இன்னொரு டாக்டர் பட்டம் தர்ற ஆஸ்டியோபதிக் காலேஜ்களோட ஏகாமாஸ் அப்ளிகேஷன் சிஸ்டத்துல மட்டும் முன்னாடி புது கிரேடை வச்சுப்பாங்க, 2017ல அதையும் நிறுத்திட்டாங்க, பழைய ஆளுங்க இன்னும் அதையே சொல்லிட்டு இருப்பாங்க, நம்பாதீங்க. ஆர்கானிக்ல சி மைனஸ்னு சொன்னீங்களே, அதை மட்டும் கண்டிப்பா திரும்ப எடுக்கணும், ஏன்னா நிறைய மெடிக்கல் காலேஜ் கட்டாயப் பாடத்துல சி-க்கு கீழ ஒத்துக்க மாட்டாங்க. முதல் வருஷ கெமிஸ்ட்ரி சி அப்படியே கிடக்கட்டும், அதுக்கு பதிலா பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, செல் பயாலஜினு மேல இருக்கற கடினமான கோர்ஸ்ல ஏ வாங்கட்டும், அடிப்படை இல்லாம அதெல்லாம் வராதுன்னு அப்ளிகேஷன் படிக்கறவங்களுக்கே தெரியும். அந்த மேத்ஸ் கோர்ஸ் டிரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ-ன்னு (பாதில விலகினது) இருக்கா எஃப்-னு (ஃபெயில்) இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. டபிள்யூ-ன்னா ஜிபிஏல சேராது, ஒண்ணே ஒண்ணுன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

டிகிரிக்கு அப்புறம் போஸ்ட்பேக்கா மாஸ்டர்ஸான்னு அடுத்து குழப்பம் வரும், இப்பவே சொல்லிடறேன். போஸ்ட்பேக்னா டிகிரி முடிச்சவங்க திரும்ப இளநிலை கோர்ஸ் எடுக்கறது, அந்த மார்க் பழைய ஜிபிஏவோடயே சேரும், அதைத் தூக்கும். மாஸ்டர்ஸ் மார்க் ஆம்காஸ்ல தனியா நிக்கும், பழைய ஜிபிஏவை ஒரு புள்ளி கூட தூக்காது. மெடிக்கல் காலேஜ் பாடத்தையே ஒரு வருஷம் படிக்க வைக்கற ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்னு ஒண்ணு இருக்கு, நல்லா பண்ணா பெரிய பலம், சொதப்பினா கிட்டத்தட்ட கதை முடிஞ்சது, செலவும் ஜாஸ்தி. என் அபிப்பிராயம், இவளுக்கு முதல்ல போஸ்ட்பேக், அதுவும் பக்கத்துல இருக்கற ஸ்டேட் யுனிவர்சிட்டில தானே கோர்ஸ் தேர்ந்தெடுத்து எடுத்தா போதும்.

அவசரப்பட்டு இந்த வருஷம் அப்ளை பண்ண விடாதீங்க. அங்க மே கடைசி ஜூன்ல அப்ளிகேஷன் போட்டா அடுத்த வருஷம் ஆகஸ்ட் வாக்குலதான் கிளாஸ். இப்ப போட்டா நாலாவது வருஷ மார்க் எதுவுமே அதுல இருக்காது, 2.7ஓட நிழல்லயே போய் நிக்கணும். நாலாவது வருஷம் முடிச்சு, போஸ்ட்பேக்கும் முடிச்சு, அந்த ஜூன்ல முதல் வாரத்துலயே போடட்டும், வர்ற வரிசைல பாத்துட்டே சீட் கொடுத்துடுவாங்க, அதனால லேட்டா போடறது நஷ்டம். ரெண்டு வருஷம் வீணாகுதேன்னு உங்களுக்கு இருக்கும், அங்க மெடிக்கல் சேர்றவங்கள்ல பாதிக்கு மேல டிகிரி முடிச்சு ஒரு வருஷமாவது இடைவெளி விட்டு வந்தவங்கதான். நம்ம ஊர்ல 18 வயசுல எம்பிபிஎஸ் சேர்றதைப் பாத்து பழகின நமக்குதான் அது லேட்டா தெரியுது.

அங்க மெடிக்கல் நுழைவுத் தேர்வான எம்கேட் பத்தி: 472ல இருந்து 528 வரைக்கும் மார்க், எம்டி சேர்றவங்க சராசரி 512 பக்கம். ஜிபிஏ கம்மியா இருக்கறவங்களுக்கு எம்கேட்தான் சாட்சி, அதனால தயாராகாம எழுதிப் பாக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம், எழுதின எல்லா தடவையும் காலேஜுக்குத் தெரியும். வாழ்நாள்ல 7 தடவைதான் எழுத முடியும், ஆனா அந்த 7ஐ நினைச்சுப் படிக்கக் கூடாது, ஒரே தடவைன்னு நினைச்சுப் படிக்கணும். சயன்ஸ் பாதிதான், காம்ப்ரிஹென்ஷன் செக்‌ஷன்ல நம்ம பிள்ளைங்க நிறைய அடி வாங்கறாங்க, அது கோச்சிங்ல வராது, தினம் கொஞ்சம் கடினமான ஆங்கிலக் கட்டுரை படிச்சாதான் வரும், இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.

லீவுக்கு சென்னை வரும்போது மாமா டாக்டர், சித்தப்பா டாக்டர்னு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போயிடுவோம், ஊசி போடக்கூட விட்டுடுவோம். தயவுசெஞ்சு அது வேண்டாம். பயிற்சி இல்லாத பொண்ணு நோயாளி மேல கை வச்சேன்னு அப்ளிகேஷன்ல எழுதினா அங்க அது பெரிய மைனஸ், நோயாளிக்கும் அது நியாயம் இல்ல. பாக்கறதோட நிறுத்தட்டும். அதைவிட கடைசிக்கால நோயாளிங்க இருக்கற ஒரு பாலியேட்டிவ் கேர் சென்டர்ல அனுமதி கேட்டு போய் பக்கத்துல உக்காந்து பேசட்டும், தமிழ் தெரிஞ்ச பொண்ணு, அந்தப் பெரியவங்களுக்கு அது பெரிய ஆறுதல், இவளுக்கும் தாத்தாவுக்குப் பண்ண முடியாததைப் பண்ற மாதிரி இருக்கும். ஆனா இது கூடுதல்தான், முக்கியமான அனுபவம் அங்க அமெரிக்க ஆஸ்பத்திரில இருக்கணும், வாரத்துக்கு மூணு நாலு மணி நேரம் போதும், வருஷக்கணக்கா விடாம போகணும். டாக்டர் சொல்றதை டைப் அடிக்கற ஸ்க்ரைப் வேலையும் நல்லது, சம்பளமும் வரும்.

அப்ளிகேஷனோட அனுப்பற கட்டுரைல தாத்தா விஷயத்தை எழுதலாமான்னு கேப்பா. எழுதலாம், ரெண்டு வரி. மிச்ச இடம் அதுக்கப்புறம் என்ன மாத்தினா, எப்படி படிச்சா, யார்கிட்ட உதவி கேட்டாங்கறதுக்கு. மொத்தமே 5,300 எழுத்துதான், அதுல பாதி துக்கமா போனா படிக்கறவங்க அனுதாபப்படுவாங்க, சீட் கொடுக்க காரணம் கிடைக்காது.

டிஓ காலேஜ்களையும் லிஸ்ட்ல கண்டிப்பா வைக்கணும். டிஓ படிச்சவங்க அங்க எம்டி மாதிரியே முழு டாக்டர், மருந்து எழுதலாம், சர்ஜரி பண்ணலாம், 2020ல இருந்து ரெசிடென்சிங்கற, படிப்பு முடிச்சு ஆஸ்பத்திரில எடுக்கற டிரெயினிங்கும் ஒரே அமைப்புக்குக் கீழ வந்தாச்சு. சேர்றவங்க சராசரி ஜிபிஏ 3.6 பக்கம், எம்கேட் 504 பக்கம், உங்க பொண்ணுக்கு எட்டற தூரம்.

ஏஜென்ட் விஷயம். கரீபியன்ல படிச்சு நல்ல டாக்டரா இருக்கறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அங்க சேர்றது சுலபம், முடிச்சு வெளில வர்றதுதான் கஷ்டம், பாதில கழிஞ்சு போறவங்க நிறைய, கடன் மட்டும் மிஞ்சும். முடிச்சு வந்தாலும் ரெசிடென்சி கிடைக்கணும். கடந்த சில வருஷமா அமெரிக்க எம்டி காலேஜ்ல முடிக்கறவங்கள்ல 100க்கு சுமார் 93 பேருக்கு இடம் கிடைக்குது, வெளிநாட்டுல படிச்சுட்டு வர்ற அமெரிக்க சிட்டிசன்கள்ல 67 பேருக்குதான். ஏறுமுகத்துல இருக்கற பொண்ணை இப்ப அங்க அனுப்பறது ரொம்ப சீக்கிரம். மத்த கதவெல்லாம் தட்டிப் பாத்துட்டு கடைசியா யோசிக்க வேண்டியதை ஏஜென்ட் முதல்ல சொல்றார்.

இன்னொண்ணு, இதைப் படிக்கற மத்த பெற்றோருக்கு: உங்க பிள்ளை சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லாம எஃப்-1 விசால படிச்சா நிலைமை வேற, எஃப்-1 ஸ்டூடன்ட்ஸை எடுக்கற காலேஜே கொஞ்சம்தான், அதை முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போன்ல முதல் கேள்வியா மார்க் கேக்காதீங்க. சொந்தக்காரங்க சொல்றதையும் அவ காதுக்குக் கொண்டு போகாதீங்க. எல்லாமே ஏ வாங்கினப்ப நல்லா பண்ணேடா கண்ணுன்னு சொன்னீங்களா? சொல்லலைன்னா இன்னைக்கு ராத்திரி கூப்பிட்டு சொல்லுங்க.

கேள்வி: மேடம், நான் அம்பத்தூர். பிஎஸ்சி ரெண்டாவது வருஷம், நாலு அரியர் இருக்கு. நீட் திரும்ப எழுதலாம்னு இருக்கேன். அரியர் இருந்தா எம்பிபிஎஸ் சீட் தர மாட்டாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, உண்மையா?

பதில்: இல்லப்பா. இங்க எம்பிபிஎஸ் சீட்டுக்கு காலேஜ் மார்க்கே பாக்க மாட்டாங்க. ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்சு பாஸ் பண்ணியிருந்தா நீட் எழுதலாம், குறைஞ்சபட்ச மார்க் எவ்வளவுன்னு அந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கோ, ரேங்க் நீட் மார்க்லதான். இத்தனை தடவைதான்னும் கிடையாது, மேல் வயசு வரம்பும் கிடையாது. 720 மார்க்ல பாதி, 360, பயாலஜி. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரை கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுக்கான சர்டிபிகேட்டை இப்பவே ஸ்கூல்ல வாங்கி வை. அரியரை மட்டும் அப்படியே விடாதே, நீட் கிடைக்கலைன்னா அந்த டிகிரிதான் உன் கையில இருக்கும், இந்த நவம்பர் எக்ஸாம்லயே ரெண்டு அரியரையாவது முடிச்சுடு. ஒரிஜினல் மார்க்‌ஷீட், டிசி எல்லாம் காலேஜ்ல இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டு வை, கவுன்சிலிங் நேரத்துல அதுக்கு அலைஞ்சுட்டு நிக்கக் கூடாது.