லீஸ் 80 வருடத்துக்குக் கீழே இறங்கும் முன்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்று இருக்கிறது. லீஸில் (ஃபிளாட் எங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தக் காலம்) 80 வருடமும் 4 மாதமும் மிச்சம். 6,000 பவுண் கொடுத்தால் மறுபடியும் 99 வருடமாக்கித் தருவதாக ஃப்ரீஹோல்டர் (நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர்) கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருக்குக் கட்டும் கிரவுண்ட் ரெண்ட் (நில வாடகை) வருடத்துக்கு 100 பவுண் அப்படியே இருக்குமாம். புதுச் சட்டம் வருகிறது, பொறுத்திரு என்கிறார் அண்ணா. எதைக் கேட்பது? – வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: இரண்டும் வேண்டாம். 80 வருடம் முடிவதற்குள் லீஸை நீட்டித் தரும்படி 1993ஆம் ஆண்டு லீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். அந்தச் சட்டப்படி மிச்சமுள்ள காலத்தோடு 90 வருடம் கூடும்; கிரவுண்ட் ரெண்ட் அடியோடு போய்விடும். அவர் 6,000 பவுணுக்குத் தருவதோ 19 வருடத்துக்கும் குறைவு. 2022ஆம் ஆண்டு கிரவுண்ட் ரெண்ட் சட்டத்தால் கூடுதல் வருடங்களுக்கு அவர் கிரவுண்ட் ரெண்ட் கேட்க முடியாது, ஆனால் பழைய 80 வருடத்துக்கு வாங்கிக்கொண்டேதான் இருப்பார்.

ஏன் இந்த அவசரம்? நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் 'மேரேஜ் வேல்யூ' கிடையாது. இல்லையென்றால், லீஸ் நீள்வதால் ஃபிளாட்டுக்கு ஏறும் மதிப்பில் பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். நீண்ட லீஸோடு ஃபிளாட் 300,000 பவுண், இப்போதைய லீஸோடு 282,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீத வட்டியிலும், கிரவுண்ட் ரெண்டுக்கு 7 சதவீதத்திலும் கணக்குப் போட்டால் லீஸை நீட்டும் விலை இன்று சுமார் 7,300 பவுண். 79 வருடமானதும் அதே ஃபிளாட்டுக்குச் சுமார் 12,850. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு மேரேஜ் வேல்யூதான். விலை நோட்டீஸ் கொடுத்த நாளை வைத்தே கணிக்கப்படும்; அதன்பிறகு பேச்சுவார்த்தை இழுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

அண்ணா சொல்வது 2024ஆம் ஆண்டு லீஸ் சீர்திருத்தச் சட்டம். நோட்டீஸ் கொடுக்க ஃபிளாட்டை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் நீங்கிவிட்டது. 990 வருட நீட்டிப்பும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் இன்னும் அமலுக்கு வரவில்லை; கணக்குக்கான வட்டி வீதங்களையும் அரசு இனித்தான் நிர்ணயிக்க வேண்டும். 70 வருடமே மிச்சமிருந்து, விற்கும் எண்ணமும் இல்லாதவர் காத்திருப்பதில் நியாயம் உண்டு. உங்களுக்கு இல்லை.

இனி வேலைக்கு வருவோம். லீஸ் பத்திரத்தை எடுத்து, காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதி வேறு. பலர் தவறுவது இங்கேதான். ஃப்ரீஹோல்டர் யார் என்பதை லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவில் உறுதிசெய்யுங்கள், ரெண்ட் பில் அனுப்பும் ஏஜெண்ட் பெயரை நம்ப வேண்டாம். உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் இடையில் வேறொருவரின் லீஸ் (ஹெட் லீஸ்) இருந்தால் நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதே மாறலாம். ஃபிளாட் இருவர் பெயரில் என்றால் நோட்டீஸும் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். சர்வேயரிடம் மதிப்பீடு வாங்கி நியாயமான தொகையைக் குறிப்பிடுங்கள்; பேருக்கு ஒரு பவுண் என்று போட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம்.

பதில் நோட்டீஸுக்கு அவருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். நீங்கள் சொன்ன தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண், எது அதிகமோ அதை அவர் டெபாசிட்டாகக் கேட்கலாம். விலை ஒத்துவராவிட்டால், பதில் வந்து இரண்டு மாதத்துக்குப் பின், ஆறு மாதத்துக்குள் விலையைத் தீர்மானிக்கும் ட்ரைபியூனலுக்கு (தீர்ப்பாயம்) விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதக் கெடுவைக் காலண்டரில் குறித்து, சொலிசிட்டருக்கும் நினைவூட்டுங்கள். தவறினால் நோட்டீஸ் திரும்பப் பெற்றதாகிவிடும், 12 மாதம் புது நோட்டீஸ் கொடுக்க முடியாது. அதற்குள் உங்கள் லீஸ் 80க்குக் கீழே போயிருக்கும்.

உங்கள் செலவோடு, அவருடைய சொலிசிட்டர், சர்வேயர் ஆகியோரின் நியாயமான கட்டணமும் உங்கள் தலையில்தான். ட்ரைபியூனல் வாதச் செலவு அதில் சேராது.

கேள்வி: நாங்கள் வாங்கவிருக்கும் ஃபிளாட்டின் லீஸ் அடுத்த மாதம் 80ஐத் தொடுகிறது. விற்பனை முடிய மூன்று மாதமாகும். – வாசகர், ஹாரோ

பதில்: விற்பவரையே இப்போது நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். விற்பனையோடு சேர்த்து அதன் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி எழுதலாம். லீஸ் கைமாறும்போதே அதுவும் மாற வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நோட்டீஸ் வீணாகும்.