மறதி நோய்க்குச் சீன மூலிகை: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு அல்சைமர். அதற்கு டாக்டர் எழுதித் தந்த டொனெபெசில் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். ஆன்லைனில் 'ஹூப்பர்சின் ஏ' என்ற சீன மூலிகை மாத்திரை பார்த்தோம். கூடவே கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 'சியான் செங் தா' என்று சீனர்கள் சொல்லும், பூக்காத ஒரு சிறு செடியிலிருந்து 1980-களில் பிரித்தெடுத்த பொருள் இது. பழைய சீன வைத்தியத்தில் அந்தச் செடி வீக்கத்துக்கும் அடிபட்ட இடத்துக்கும்தான். மறதிக்கு உதவலாம் என்றது ஆய்வகம்.

மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. டொனெபெசில் செய்வதும் அதே வேலைதான்! இரண்டையும் சேர்த்தால், ஒரே மாத்திரையை இரண்டு தடவை கொடுத்த மாதிரி. வாந்தி, பேதி வரலாம்; நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழவும் கூடும். சரி, தனியாகவாவது பலன் உண்டா? சீனாவில் மருந்தாகவே எழுதித் தருகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 210 பேரிடம் நடத்தி 2011-ல் வெளிவந்த ஆய்வில், 200 மைக்ரோகிராம் வீதம் இருவேளை கொடுத்தும் 16 வாரத்தில் நினைவாற்றல் தேறவில்லை. ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

எனக்கு வயது 68, மறதி எதுவும் இல்லை. வராமல் தடுக்க ஜிங்கோ சாப்பிடலாமா?

மரம் சீனாவுடையது; மாத்திரையில் இருக்கும் இலைச்சாறு ஜெர்மனியில் உருவானது. சீன வைத்தியர்கள் பெரும்பாலும் கையாண்டது கொட்டையை, அதுவும் இருமலுக்கும் இளைப்புக்கும். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரைச் சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2008-ல் வந்தது. ஜிங்கோ சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மறதி நோய் வந்த வேகம் ஏறக்குறைய ஒன்றே. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர் என்றால் ரத்தக்கசிவு பயமும் உண்டு. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கி நடங்கள்.

2019-ல் சீன அரசே ஒரு அல்சைமர் மருந்தை அனுமதித்ததே?

ஜிவி-971. அது பழுப்புக் கடற்பாசியிலிருந்து நவீன ஆய்வகத்தில் செய்த சர்க்கரைச் சேர்மம், பாட்டி வைத்தியம் அல்ல. நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. பல நாடுகளில் நடந்துவந்த சோதனை 2022-ல் பாதியில் நின்றுபோனது.

மூலிகைதானே, பக்க விளைவு இருக்காதல்லவா?

நொதியைத் தடுக்கிற அளவுக்கு வேலை செய்யும் ஒன்று வயிற்றையும் இதயத்தையும் மட்டும் விட்டுவைக்குமா? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் 100 பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டுப்போனது. இரண்டு செடிகளுக்குச் சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றுக்குப் பதில் நச்சுள்ள மற்றது கலந்துவிட்டது. பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நமக்குப் பழக்கமான அதிமதுரம் பல சீனக் கஷாயங்களில் சேர்கிறது. நிறைய உள்ளே போனால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இது இன்னும் மோசம். அதனால் டாக்டரிடம் போகும்போது வாயால் பெயர் சொல்லாமல், பாட்டிலையே கையோடு கொண்டுபோங்கள்.