ரத்தக்கழிச்சல் நின்ற பிறகும் குஞ்சுகள் தேறவில்லையே, அர்ஜினைன் பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: 150 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். ஐந்தாவது வாரம் ரத்தக்கழிச்சல் வந்தது. டாக்டர் தந்த மருந்தில் நின்றது, ஆனால் பத்து நாளாகியும் எடை ஏறவில்லை. தீவனம் மக்காச்சோளக் குருணையும் தவிடும்தான். கடையில், "நைட்ரிக் ஆக்சைடு கூடினால் குடல் ஆறும், அர்ஜினைன் பவுடர் வாங்குங்க" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து (புரதம் இப்படிப்பட்ட அமிலங்களால் ஆனது) உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்கிறது. அது ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே 1998-இல் மூன்று அமெரிக்கர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. குடலிலும் அதன் உதவியால் சுவருக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது, வழவழப்பான சளிப்படலம் சுரக்கிறது, அதன் அடியில் புதுச் செல்கள் வளர்கின்றன.

ஆனால் ரத்தக்கழிச்சல் கிருமி குடல் செல்லுக்குள் புகுந்து உடைக்கும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் இதே வாயுவை ஏராளமாகச் சுரந்து கிருமியைத் தாக்கும். அளவு மீறினால் கோழியின் சொந்தச் செல்களும் சிதையும். அதனால் கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் குஞ்சுகளுக்குக் குறை தீவனத்தில்தான் என்று நினைக்கிறேன். நம் உடம்பும் மாட்டின் உடம்பும் யூரியா உண்டாக்கும் வழியிலேயே அர்ஜினைனைத் தயாரித்துக்கொள்ளும். கோழிக்கு அந்த வழி கிடையாது, கழிவு யூரிக் அமிலமாகப் போய்விடுகிறது. தின்பதில் இருந்தால்தான் உண்டு. குருணையிலும் தவிட்டிலும் அது போதாது. கடலைப் புண்ணாக்கிலும் எள்ளுப் புண்ணாக்கிலும் நிறைய இருக்கிறது. 100 கிலோ தீவனத்தில் 15 கிலோ கடலைப் புண்ணாக்கு சேருங்கள். அதில் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு என்பதால் உப்பில்லாத கருவாட்டுத் தூளும் கொஞ்சம் வேண்டும்.

புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தாலோ, பச்சையாகப் பூத்திருந்தாலோ ஒரு பிடிகூடப் போடாதீர்கள். பூசணம் உண்டாக்கும் நச்சு ஈரலைக் கெடுத்துவிடும்.

அப்புறம், கொட்டகைத் தரையில் பரப்பியிருக்கும் கூளம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கொழுக்கட்டைபோல் நின்றால் ஈரம் அதிகம். எச்சத்தில் வெளிவரும் கிருமி முட்டைகள் அந்த ஈரத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நீங்கள் ஆற்றும் குடலை அவை மறுபடி புண்ணாக்கும். அந்தக் கூளத்தை இன்றே அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள்.

இரண்டு வாரம் கழித்தும் எடை ஏறாவிட்டால், புது எச்சத்தைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள்.